ஒரு ராணுவ அதிகாரியின் தலையணை



சென்னைக்குப் போனவர்கள் தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு வெள்ளைக்காரரின் சிலையைப் பார்த்திருப்பீர்கள். சர் தாமஸ் மன்றோ. 1839-ல் வைத்த சிலை. குதிரைக்குச் சேணம் இல்லை, கால் வைக்க அங்கவடி இல்லை என்று நாமெல்லாம் ஒரு தடவையாவது அதைப் பற்றிப் பேசியிருப்போம். ரயத்துவாரி முறையை நிலைநிறுத்தியவர், 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண கவர்னர் என்று நான் வருஷா வருஷம் வகுப்பில் பாடம் நடத்தியிருக்கிறேன். பிள்ளைகளுக்கு அது இரண்டு மதிப்பெண் கேள்வி. அதற்கு மேல் அந்த மனிதரைப் பற்றி அவர்களுக்கும் தேவைப்படவில்லை, எனக்கும் நேரம் இருந்ததில்லை.

இன்று அந்த கவர்னரைப் பற்றி எழுதப் போவதில்லை. கவர்னர் ஆவதற்கு முப்பது வருஷம் முன்னால், வேலூரில் ஒரே ஒரு நாற்காலியை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்திய லெப்டினன்ட் மன்றோவைப் பற்றி எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

ரிஷிவந்தியத்தில் உட்கார்ந்துகொண்டு இவர் கதை எதற்கு என்று கேட்கலாம். நம் ஊருக்குப் பக்கத்தில்தான் தியாகதுருகம் மலைக்கோட்டை இருக்கிறது. பேருந்தில் போகும்போது தினமும் பார்க்கிற மலை. 1790-ல் திப்பு சுல்தானின் படை வந்தபோது கேப்டன் பிளின்ட் என்ற அதிகாரி அந்தக் கோட்டையைப் பிடிகொடுக்காமல் காத்தார். அதற்குப் பத்து வருஷம் முன்பு வந்தவாசிக் கோட்டையை ஹைதர் அலியிடமிருந்து காத்தவரும் இவர்தான். எத்தனை பீரங்கி, எத்தனை நாள் முற்றுகை, யார் தோற்றார் என்று புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் அந்த மலை மேல் இருந்தவர்கள் எதில் படுத்தார்கள், துணியை யார் துவைத்தார்கள், சம்பளம் வந்ததா, வீட்டுக்குப் பணம் அனுப்பினார்களா, ஊரிலிருந்து கடிதம் வராத மாதங்களில் என்ன செய்தார்கள்? கோட்டைக்கு மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போன போதெல்லாம் அவர்கள் கேட்ட கேள்வி இதுதான். "சார், இவங்க எங்க சார் சமைப்பாங்க?" போரைப் பற்றி எவனும் கேட்டதில்லை.

அந்தக் கேள்விக்கு, அதே காலத்தில், அதே கம்பெனிப் படையில் இருந்த ஒருவர் தன் கைப்படப் பதில் எழுதி வைத்திருக்கிறார். அவர்தான் மன்றோ.

1761-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர். அப்பா அலெக்சாண்டர் மன்றோ அமெரிக்காவின் வர்ஜீனியா பகுதியோடு வியாபாரம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போர் வந்தது, வியாபாரம் படுத்துவிட்டது, குடும்பம் நொடித்துப் போனது. அமெரிக்காவில் நடந்த சண்டையால் கிளாஸ்கோவில் ஒரு வீடு கடனில் விழுந்து, அந்த வீட்டுப் பிள்ளை நம் நாட்டுக்கு வேலைக்கு வந்தான் என்று சுருக்கமாகச் சொல்லலாம். 1780 ஜனவரியில் சென்னையில் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 18. சிறு வயதில் வந்த அம்மையால் காதும் சரியாகக் கேட்காது.

இறங்கியவுடன் நடந்த சம்பவம் ஒன்று. நன்றாக உடுத்திய ஒருவர், கையில் நற்சான்றுக் கடிதங்களோடு வந்து வேலைக்குச் சேர்ந்தார். சீமைத் துணி இந்த வெயிலுக்கு ஆகாது, இதைக் கொடுத்துவிட்டு வெள்ளைத் துணி தைத்துக்கொண்டு வருகிறேன் என்று துணிமணியையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனவர் திரும்பவே இல்லை. போட்டிருந்த துணியோடு நின்றார் பையன். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து நாலு சட்டை சேர்க்கவே மாதக்கணக்கில் ஆனது. ராணுவ வாழ்க்கை அவருக்கு வாளோடு தொடங்கவில்லை, சட்டைப் பிரச்சினையோடுதான் தொடங்கியது.

சில மாதங்களில் ஹைதர் அலியுடன் போர் மூண்டது. நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் நடந்த சண்டைகளில் அவர் இருந்தார். 1781 ஜூலையில் பறங்கிப்பேட்டை, 1783-ல் கடலூர் முற்றுகை. போர் முடிந்த பிறகு தஞ்சாவூரில் இருந்தபோது, 1785-ல் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். வீட்டு நிலைமை மோசம் என்று அம்மா எழுதியிருந்தார். அதற்குப் பதில். வங்காளத்தில் வேலையில் இருந்த தம்பி அலெக்சாண்டரும் தானும் கலந்து பேசி, இரண்டு பேருமாகச் சேர்ந்து அப்பாவுக்கு வருஷம் 100 பவுன் அனுப்புவதாக முடிவு செய்திருக்கிறோம் என்று எழுதுகிறார். கம்பெனி நிறுத்தி வைத்த சம்பளப் பாக்கி கைக்கு வந்தால் இன்னும் கூடுதலாக அனுப்புவேன் என்றும் சேர்த்துக்கொள்கிறார்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அரியர்ஸ் வந்தால் அனுப்புகிறேன் என்ற வார்த்தையை நான் எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன்! 24 வயது. அண்ணன் தம்பி கணக்குப் பிரித்துக்கொண்டு பெற்றோருக்குப் பணம் அனுப்புவது. கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர ஆறு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஒரு கேள்வி கேட்டால் பதில் வர ஒரு வருஷம். அந்த ஒரு வருஷமும் அம்மா எப்படி இருக்கிறார் என்று தெரியாமல்தான் அடுத்த கடிதத்தை எழுத வேண்டும்.

அடுத்தது நான் சொல்ல வந்த முக்கியமான கடிதம். 1789 ஜனவரியில் தங்கை எர்ஸ்கினுக்கு எழுதியது. இந்தியாவுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. ஊரில் எல்லோரும் இந்தியாவுக்குப் போனவன் பொன்னும் பட்டுமாக வாழ்கிறான் என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பைக் கலைக்கத் தன் வீட்டுச் சாமான்களுக்கு ஒரு பட்டியலே போடுகிறார். அதன் சாரத்தை என் வார்த்தையில் தருகிறேன்.

வந்து மூன்று வருஷம் வரை தலைக்கு வைத்துப் படுக்க ஒரு புத்தகம் அல்லது தோட்டாப் பை. கட்டில் என்பது நாலு குறுக்குக் கட்டைகளில் இழுத்துக் கட்டிய கித்தான் துணி. போர்வை கிடையாது. ஊரிலிருந்து கொண்டுவந்த பெரிய கோட்டுதான் குளிர்காலத்தில் போர்வை. சட்டைக் கைக்குள் கால்களை நுழைத்து, கீழ்ப்பகுதியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்வார். ஆனால் கோட்டு நீளம் பற்றாது. கழுத்தை மூடினால் கால் வெளியே, காலை மூடினால் கழுத்து வெளியே. இதற்கெல்லாம் கோட்டு பயன்படும் என்று பாவம் அந்தத் தையற்காரருக்குத் தெரியவில்லையாம்!

பிறகு தம்பி வங்காளத்துக்குப் போகும்போது தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்தச் சந்தோஷத்தில் அண்ணன் ஒரு தலையணையும் ஒரு விரிப்பும் வாங்குகிறார். கட்டிலோடு வந்த திரைத்துணி தலையணை உறையாகவும் துண்டாகவும் மாறுகிறது. இந்தியாவில் அவர் தலையணையில் தலை வைத்தது அன்றைக்குத்தான். அந்தப் பெருமையில் இன்னும் நாலு கரண்டி, இன்னொரு நாற்காலி, ஒரு மேசை, இரண்டு மேசைவிரிப்பு. மூன்று மாதம் முடிவதற்குள் கரண்டிகளில் மூன்று காணாமல் போயின. விருந்தாளியோடு வந்தவர் ஒருவர் நாற்காலியை உடைத்துவிட்டார். பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

வேலூர் வீடு ஒரு கூடமும் ஒரு படுக்கை அறையும். கூடத்தில் ஒரு மேசை. அறையில் எழுதும் மேசை, மிஞ்சிய ஒற்றை நாற்காலி, அந்தக் கட்டில், ஒரு புத்தகப் பெட்டி, இரண்டு டிரங்குப் பெட்டி. வீட்டில் நாலு பேருக்கு விருந்து என்றால் வருகிறவர் நாற்காலியையும் தட்டையும் தானே தூக்கிக்கொண்டு வர வேண்டும். சென்னையில் ஊர் திரும்பும் ஒரு குடும்பத்தின் ஏலத்தில் ஆறு தேக்கரண்டியும் ஒரு ஜோடி மெழுகுவர்த்தித் தண்டும் வாங்கியதைப் பெரிய சொத்து சேர்ந்ததுபோல் எழுதுகிறார். குதிரை கிழடு, பயணத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரம் குதிரையை ஓட்டிக்கொண்டு தான் நடந்துதான் போகிறார். விசாகப்பட்டினத்துக்கும் மதுரைக்கும் நடுவே பெரும்பாலான ஊர்களைக் காலால் அளந்திருக்கிறார். பசி, தாகம், களைப்பு மூன்றும் அடிக்கடி வருகிற விருந்தாளிகள், வறுமை மட்டும் கூடவே குடியிருப்பது என்ற பொருளில் அதே கடிதத்தில் ஒரு வரி வருகிறது.

கடிதம் முழுக்கச் சிரிப்பு. படித்த தங்கை சிரித்திருப்பார். ஆனால் அந்தச் சிரிப்பு எதற்கு என்று வயதான பிறகுதான் நமக்குப் புரிகிறது. மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவன் தான் எப்படிச் சாப்பிடுகிறான் என்பதை நேராக எழுத மாட்டான். எழுதினால் அந்தப் பணத்தை வாங்குகிற கை கூசும். அதனால் தன் கஷ்டத்தை வேடிக்கையாக்கி அனுப்புகிறான். நம் ஊரிலும் மிலிட்டரிக்காரர் வீடு என்றால் பணம் கொழிக்கும் வீடு என்று நினைத்துக் கைமாற்று கேட்டு வருகிறவர்கள் உண்டு. லீவில் வந்தவர் இல்லை என்று சொல்ல முடியாமல் நெளிவதைப் பார்த்திருக்கிறேன்.

இரக்கப்படும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இந்தத் தலையணையும் கரண்டியும் கிளாஸ்கோவுக்குப் போன 100 பவுனும் யார் பணம்? இந்த மண்ணில் ஏர் பிடித்தவர்கள் கட்டிய வரி. படை நகர்ந்த பாதையில் இருந்த ஊர்கள் பட்ட பாடு தனிக்கதை. மன்றோவும் அந்த ஆட்சியின் கையாள்தான். அதில் சந்தேகமில்லை. ஆனாலும் வரலாற்றில் வருகிறவர்களைக் கெட்டவர், நல்லவர் என்று இரண்டு வரிசையில் நிறுத்திப் படிப்பதால் மட்டும் நமக்கு ஒன்றும் விளங்கிவிடாது. ஒரு ஆட்சி ஓடுவதற்கு வீட்டை விட்டு வந்த எத்தனை இளைஞர்கள் வேண்டியிருந்தார்கள் என்பதும் வரலாறுதான்.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு பாரமகாலையும் சேலத்தையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அதை நிர்வாகம் செய்யக் கேப்டன் அலெக்சாண்டர் ரீடின் கீழ் நியமிக்கப்பட்ட ராணுவ அதிகாரிகளில் மன்றோ ஒருவர். அவருக்குக் கிடைத்த இடம் தர்மபுரி. நம் கல்வராயன் மலைக்கு மேற்கே சித்தேரி மலையைத் தாண்டினால் அரூர், அதற்கப்பால் தர்மபுரி. மலைக்கு அந்தப் பக்கம் நமக்கு அக்கம்பக்கத்து ஊர்தான். ஏழு வருஷம் அங்கே இருந்தார். ஊர் ஊராகக் கூடாரம் போட்டு, நிலத்தை அளந்து, குடியானவர்களிடம் நேராகப் பேசித் தீர்வை நிர்ணயித்த வேலை அங்கேதான் உருவானது. பாடப்புத்தகத்துக்கு அதுதான் வேண்டியது.

கடிதங்களில் வேறொன்று இருக்கிறது. தர்மபுரியில் தனக்கென்று ஒரு தோட்டம் போட்டிருந்தார். கச்சேரி வேலை முடிந்தால் அந்தத் தோட்டம்தான். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அவரைக் கன்னடக் கடற்கரைக்கு மாற்றினார்கள். பதவி பெரிது, சம்பளம் பெரிது. ஆனால் அவருக்கு மனசே இல்லை. ஓயாத மழை, ஒழுகும் கூடாரம், தெரியாத மனிதர்கள். திரும்பத் திரும்பப் பாரமகாலை நினைத்தே எழுதுகிறார். கிளாஸ்கோவை விட்டு வந்தவருக்குத் தர்மபுரி இரண்டாவது சொந்த ஊராகிவிட்டது. அதையும் ஒரு உத்தரவு பிடுங்கிக்கொண்டது. அரசாங்க வேலையில் மாறுதல் வாங்கிய ஆசிரியர்களுக்கும் போலீஸ்காரர்களுக்கும் இந்த வலி தெரியும். நட்ட தென்னை காய்க்கும்போது நாம் அங்கே இருக்க மாட்டோம்.

முதல் முறையாக அவர் ஊருக்குப் போனது எப்போது தெரியுமா? 1807-ல் கப்பல் ஏறி 1808-ல் போய்ச் சேர்ந்தார். நடுவில் ஒரு லீவு கூடக் கிடையாது. 28 வருஷம்! 18 வயதில் வந்தவர் 46 வயதில் திரும்பினார். போனவுடன் சின்ன வயதில் விளையாடிய கெல்வின் ஆற்றங்கரைக்குப் போகிறார். இரண்டு தடவை போனார், இரண்டு தடவையும் விடாத மழை. ஒரு அணைக்கட்டின் மேல் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தனியாக நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தங்கைக்கு எழுதுகிறார். காற்றின் சத்தமும் தண்ணீரின் சத்தமும் அப்படியே இருக்கின்றன. ஆனால் எதிர்க்கரையில் யாரோ புதிதாக ஒரு வீடு கட்டிவிட்டார்கள். சின்ன வயசை நினைத்தால் எப்போதும் வெயில் அடித்த நாளாகத்தான் மனதில் வருகிறது, இந்த மழையில் அந்த நாட்களுக்குள் நுழைய முடியவில்லை, வெயில் வரட்டும், மறுபடி போகிறேன் என்று முடிக்கிறார்.

பெரிய பெரிய போர்களைப் பார்த்த மனிதர். ஒரு வாய்க்கால் ஓரத்தில் நனைந்துகொண்டு நிற்கிறார். லீவில் வந்த நம் ஊர் ஜவான்கள் முதல் நாள் காலையில் தனியாக ஏரிக்கரைப் பக்கம் நடந்துவிட்டு வருவது எதற்கு என்று எனக்கு இந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் சரியாகப் புரிந்தது.

1814-ல் ஜேன் கேம்ப்பெல் என்ற பெண்ணை மணந்து மறுபடி சென்னைக்கு வந்தார். கடைசியில் கவர்னர். இப்போது வேலூரின் ஒற்றை நாற்காலி இல்லை, கிண்டியில் கவர்னர் மாளிகையே இருந்தது. ஆனால் 1826-ல் சின்ன மகனுக்கு உடம்பு சரியில்லாமல் போக, மனைவி குழந்தையை அழைத்துக்கொண்டு இங்கிலாந்து போய்விட்டார். அதன் பிறகு மனைவிக்கு எழுதிய கடிதங்களில் கவர்னரைக் காணோம். பிள்ளை இல்லாமல் வெறிச்சோடிய வீட்டில் சுற்றி வருகிற ஒரு அப்பாதான் இருக்கிறார். முன்னமே ஓய்வு கேட்டிருந்தார். பர்மா போர் குறுக்கே வந்தது, பின்பு அடுத்த கவர்னர் வருவது தாமதமானது. ஊருக்குப் புறப்படும் முன் தான் முன்பு கலெக்டராக இருந்த பகுதியைக் கடைசியாக ஒரு முறை பார்க்கப் போனவர், 1827 ஜூலை 6 அன்று இன்றைய கர்னூல் மாவட்டத்துப் பத்திகொண்டாவில் காலராவில் இறந்துபோனார். மகனை மறுபடி பார்க்கவில்லை.

சரி, இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிந்தது? கடிதங்களை அந்த வீட்டார் தூக்கிப் போடவில்லை. அவர் இறந்த மூன்றாம் வருஷம், 1830-ல், ஜி. ஆர். கிளெக் என்பவர் அந்தக் கடிதங்களைச் சேர்த்து அவர் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். ஒரு வீட்டார் காகிதத்தைப் பத்திரமாக வைத்ததால், ஒரு லெப்டினன்ட்டின் மூன்று கரண்டி காணாமல் போன கதை 230 வருஷம் கழித்து ரிஷிவந்தியத்தில் இருக்கிற எனக்குத் தெரிகிறது.

அதே வேலூரில், அதே பறங்கிப்பேட்டையில், அதே தியாகதுருகத்தில் அவர்களோடு நடந்த சிப்பாய்களின் தலையணை என்ன ஆனது? சென்னைப் படையின் சிப்பாய்கள் தெலுங்கரும் தமிழரும் முஸ்லிம்களும். ஒரு சிப்பாய் எவ்வளவு உயர்ந்தாலும் சுபேதாருக்கு மேல் போக முடியாது. இந்தப் படையில் ஒரு வழக்கம் இருந்தது. சிப்பாய்கள் குடும்பத்தைக் கூடவே வைத்துக்கொள்வார்கள். படை இடம் மாறினால் பெண்டு பிள்ளைகளும் மூட்டை கட்டிக்கொண்டு பின்னால் வருவார்கள். கம்பெனி சம்பளத்தை நிறுத்தி வைத்தபோது மன்றோவுக்குக் கிளாஸ்கோவுக்கு அனுப்பப் பணம் குறைந்தது. சிப்பாய்க்கு அன்று ராத்திரி குடிசையில் உலை ஏறவில்லை. அந்தக் கவலையை அவர் யாருக்குக் கடிதமாக எழுதியிருப்பார்? எழுதியிருந்தாலும் யார் அதை எடுத்து வைத்திருப்பார்கள்?

முதல் உலகப் போருக்கு வாருங்கள். பிரான்சில் போரிட்ட இந்தியச் சிப்பாய்களின் கடிதங்களைத் தணிக்கை செய்ய அதிகாரிகள் இருந்தார்கள். கடிதத்தில் ரகசியம் போகிறதா என்று பார்ப்பதற்காகப் பல கடிதங்களை இங்கிலீஷில் மொழிபெயர்த்து வைத்தார்கள். பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்துச் சிப்பாய்கள். அந்த மொழிபெயர்ப்புகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. குண்டு மழைக்கு நடுவில் இருந்துகொண்டு அவர்கள் கேட்டதெல்லாம் விளைச்சல் எப்படி, மாடு எப்படி, கல்யாணம் முடிந்ததா, பணம் வந்து சேர்ந்ததா என்றுதான். பிரிட்டிஷ் லெப்டினன்ட்டின் கடிதத்தைப் பாசம் காப்பாற்றியது. நம்மவர் கடிதத்தைச் சந்தேகம் காப்பாற்றியது. வித்தியாசம் அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஒரு கல்வெட்டுப் பலகை உண்டு. 1914 முதல் 1919 வரை இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று இருக்கும். எண்ணிக்கை மட்டும்தான். பெயர் இருக்காது.

இப்போது என் அனுபவத்துக்கு வருகிறேன். 1980-களின் தொடக்கத்தில் கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு ஊரில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தேன். அந்த ஊரில் ராணுவத்துக்குப் போனவர் வீடு ஒன்று. அவர் வெலிங்டனில் பயிற்சி முடித்து, பின்னாளில் சுபேதார் வரை உயர்ந்தார். மனைவிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இன்லண்ட் கடிதம் வந்தால் சாயங்காலம் பள்ளிக்கூடத் திண்ணைக்கு எடுத்துக்கொண்டு வருவார். நான் படிப்பேன், அவர் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவேன். முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது. பெயர், எண், படைப்பிரிவு, கேர் ஆஃப் 56 ஏபிஓ. "அது எந்த ஊரு சார்?" என்று ஒருநாள் கேட்டார். ஊர் இல்லைம்மா, அது ராணுவத் தபால் எண், அவர் எங்கே இருக்கிறார் என்று வெளியே தெரியக் கூடாது என்பதற்காக அப்படி என்றேன். "அவருக்காச்சும் தெரியுமா?" என்றார். சிரிப்பதா என்ன சொல்வதா தெரியவில்லை எனக்கு.

அவர் எழுதுகிற கடிதம் முழுக்க வீடுதான். மழைக்கு முன்னால் கூரையை மாற்றச் சொல். தெற்குக் கொல்லையில் வரப்பைத் தள்ளிப் போடுகிறார்களா பார். அம்மாவின் கண்ணைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போய்க் காட்டு. மணியார்டர் வந்ததா, இதில் எவ்வளவு சீட்டுக்கு, எவ்வளவு கடைக்காரனுக்கு. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு அடுப்படி வரைக்கும் குடும்பம் நடத்தினார். தான் இருக்கிற இடத்தைப் பற்றி ஒரே வரி. இங்கு குளிர் கொஞ்சம் அதிகம். லீவில் வந்தபோது அவர் கையும் உதடும் வெடித்துத் தோல் உரிந்திருந்ததை ஊரே பார்த்தது.

அந்தம்மாவும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு தடவை சொன்னார். "மாடு கன்னு போட்டத எழுதுங்க சார். கன்னு செத்துப்போச்சு, அத எழுதாதீங்க. அவரு அங்க போயி எதுக்குக் கவலப்படணும்?" அப்படியே எழுதினேன். அடுத்த கடிதத்தில் அவர் கன்றுக்குட்டிக்கு என்ன நிறம் என்று கேட்டிருந்தார். படித்துக் காட்டியதும் அந்தம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "செவலைன்னு எழுதுங்க சார்" என்றார்.

மூத்த பெண் பெரியவளான செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் ஊற்றி முடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தாய்மாமன் சீருக்கு என்ன மரியாதை செய்ய வேண்டும் என்று வரிசை போட்டு எழுதிய அவர் கடிதம் எல்லாம் முடிந்த பிறகு வந்தது. அதையும் அந்தம்மா முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் "செஞ்சாச்சு", "செஞ்சாச்சு" என்று கடிதத்துக்கே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

குடும்பத்தை விட்டு இருக்கிற ராணுவக்காரரின் கடிதத்தில் எழுதியது பாதி, எழுதாமல் விட்டது பாதி. மன்றோ சிரிப்பால் மறைத்தார். சுபேதார் ஒரே வரியில் மறைத்தார். அந்தம்மா செவலைக் கன்றால் மறைத்தார். எல்லையில் நிற்கிறவரைப் பற்றிப் பேசுகிறோம். அவர் அங்கே நிற்பதற்காக வீட்டில் ஒருத்தி எத்தனை செய்தியை முழுங்குகிறாள் என்பது எந்தப் பதக்கப் பட்டியலிலும் வராது.

இப்போது கையில் போன் இருக்கிறது. வீடியோவில் குழந்தை முகத்தைப் பார்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பேசியது காற்றோடு போய்விடும். கடிதம் எழுதிய கடைசித் தலைமுறை இப்போது 60-ஐயும் 70-ஐயும் தாண்டி நிற்கிறது. அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் நீல இன்லண்டும் மணியார்டர் அடிக்கட்டையும் கரையானுக்குக் காத்திருக்கின்றன. கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், தியாகதுருகம் பக்கம் நான் அறிந்து இரண்டு வீடுகளில் பழைய காகிதம் என்று அடுப்புக்குப் போய்விட்டது.

உங்கள் வீட்டில் அப்பாவோ, தாத்தாவோ, மாமாவோ ராணுவத்தில் இருந்திருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பெட்டியை இறக்குங்கள். கடிதங்களைத் தேதி வாரியாக அடுக்குங்கள். தேதி அழிந்திருந்தால் தபால் முத்திரையைப் பாருங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் போனில் படம் எடுங்கள். போட்டோ இருந்தால் பின்பக்கம் பென்சிலால் பெயரும் ஊரும் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். இன்னும் முக்கியம், அம்மாவோ பாட்டியோ உயிரோடு இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கடிதத்தில் எழுதாமல் விட்டது என்ன என்று கேளுங்கள். அதை இன்னொரு தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். போனவர் பெயர் கூட இல்லாமல் எண்ணிக்கை மட்டும் செதுக்கிய பலகைகள் நமக்குப் போதும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
ரிஷிவந்தியம்.